கல்லுக்குக் கீழே தண்ணீர்

(கல்லூரியின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1980ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பினரும் ஓர் உரை தரவேண்டும் என்று செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். விடுதிச் சாப்பாடு, வலைப்பந்துப் போட்டி, பரிசளிப்பு விழா என்று சொல்ல எங்களிடமும் நிறைய உண்டு. ஆனால் அவற்றை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் ஆறு பேர் அண்மையில் ஒன்றாகப் போய்வந்த ஒரு நாள் பயணத்தைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானித்தோம். போன இடம் மெக்சிக்கோ. தூரம் அதிகம்தான். ஆனாலும் உரை முடியும்போது இந்தக் கல்லூரி வளவுக்கே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம்.

நாங்கள் கலைப்பிரிவு மாணவிகள். இன்று இருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் மெல்பேணில், ஒருவர் கொழும்பில், ஒருவர் மட்டும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறோம். பிள்ளைகளின் கலியாண வீடுகளிலும் பெற்றோரின் செத்தவீடுகளிலும் தவிர, எல்லோரும் ஒன்றாகச் சந்திக்க எங்களுக்கு வாய்க்கவேயில்லை. அறுபதைத் தாண்டிய பிறகு, ஒரு காரணமும் இல்லாமல் ஒரு கிழமை ஒன்றாக இருப்போம் என்று முடிவெடுத்தோம். ரொறன்ரோக்காரர் குளிருக்கு ஒதுங்கும் கான்குன் கடற்கரையைத் தெரிவு செய்தார்கள். கடல், சாப்பாடு, கதை, இதுதான் திட்டம். ஒரு நாளை மட்டும் மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவையும், அதற்கு அருகே உள்ள ஒரு நீர்க்குழியையும் பார்க்க ஒதுக்கினோம்.

விடிய ஆறரைக்கு வான் வந்தது. வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர், மாயாக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். அவர் எங்களைச் 'சென்யோரா' என்று அழைத்தார். நாங்கள் அவரைத் 'தம்பி' என்று அழைத்தோம். அந்தச் சொல்லின் கருத்தைக் கேட்டறிந்த பிறகு, நாங்கள் யாரைக் கூப்பிட்டாலும் கையை உயர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

கான்குனிலிருந்து சிச்சென் இட்சா ஏறத்தாழ 200 கிலோமீற்றர். யுகட்டான் மாநில எல்லையைக் கடக்கும்போது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பச் சொன்னார்கள். இந்த வயதில் ஒரு மணித்தியாலம் திரும்பக் கிடைப்பது சும்மா விஷயமா என்று சிரித்துக்கொண்டோம். வெளியே தட்டையான நிலம். பற்றைக் காடு, இடையிடையே வெட்டிய இடத்தில் மெல்லிய செம்மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல். ஒரு மலை இல்லை. போகும் வழியெல்லாம் ஓர் ஆற்றைக்கூட நாங்கள் கடக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த தோழிதான் முதலில் கண்டுபிடித்தார். "இஞ்சை பாருங்கோடி, இது எங்கட ஊர் மாதிரியெல்லோ கிடக்கு!"

உடனே எங்கள் எல்லோருக்கும் புவியியல் ரீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். கரும்பலகையில் குடாநாட்டின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து, மேலே மெல்லிய மண், கீழே மயோசீன் காலச் சுண்ணக்கல் என்று எழுதுவார். மழைநீர் அந்தக் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து உள்ளே இறங்கும். கீழே பரவியிருக்கும் உவர்நீரைவிட நன்னீர் பாரம் குறைந்ததால் அதன்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று சொல்லித்தந்தவரும் அவர்தான். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் ஒருத்தி தொடங்க மற்றவர்கள் முடித்தோம். வானில் இருந்தபடியே தம்பிக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினோம்.

அவர் ஆச்சரியப்பட்டுப்போனார். "இதைத்தான் நான் அடுத்த அரை மணித்தியாலம் உங்களுக்குச் சொல்ல இருந்தேன். எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஆறு பேரும் ஒரே குரலில் இந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னோம். ரீச்சர், இதை உங்கள் முன்னால் சொல்லக் கிடைத்தது எங்கள் பாக்கியம்.

யுகட்டான் குடாநாடும் சுண்ணக்கல் நிலம்தான். மழைநீர் கல்லைக் கரைத்து நிலத்தடியில் குகைகளை உண்டாக்கியிருக்கிறது. சில இடங்களில் குகையின் கூரை இடிந்து விழ, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே தெரிகிறது. அதைத்தான் 'செனோட்டே' என்கிறார்கள். மாயா மொழிச் சொல்லை ஸ்பானியர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிய பெயர் அது. அந்தக் குடாநாட்டில் ஆயிரக்கணக்கான செனோட்டேகள் உண்டு. அவற்றில் பல ஒரு பெரிய வளையம்போல அமைந்திருக்கின்றன. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்ணிலிருந்து விழுந்த பாறை ஏற்படுத்திய, ஏறத்தாழ 180 கிலோமீற்றர் அகலமான பள்ளத்தின் விளிம்பு அது. டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்ததாகக் கருதப்படும் அதே மோதல்தான்.

சிச்சென் இட்சா என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. இட்சா மக்களின் கிணற்று வாயில் என்பது அதன் பொருள். வாசலைக் கடந்து மரநிழலால் நடந்து வந்தால், வெட்டவெளியில் குகுல்கான் பிரமிட்டு நிற்கிறது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365. கட்டிடமே ஒரு நாட்காட்டி. இப்போது மேலே ஏற விடுவதில்லை. எங்கள் முழங்கால்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தம்பி சொன்னபடி கீழே நின்று கை தட்டினோம். படிகளில் பட்டுத் திரும்பிய ஒலி, ஒரு பறவை கீச்சிடுவதுபோலக் கேட்டது. அந்தப் பிரமிட்டின் கீழேயும் ஒரு நீர்க்குழி இருப்பதாக 2015இல் மெக்சிக்கோ ஆய்வாளர்கள் மின் அளவீடுகள்மூலம் கண்டறிந்து அறிவித்தார்கள் என்றும் அவர் சொன்னார். நாங்கள் காலுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டோம்.

அங்கிருந்து வடக்கே ஒரு பாதை போகிறது. முடிவில் ஏறத்தாழ 60 மீற்றர் அகலமான வட்டக் குழி. செங்குத்தான கற்சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். இதுதான் புனித செனோட்டே. மழைத் தெய்வமான சாக்குக்கு இங்கே பொன்னையும் பச்சைக்கல்லையும் மனிதர்களையும் காணிக்கையாக இட்டார்கள். அந்த மனிதர்களில் குழந்தைகளும் இருந்ததை எலும்புகள் சொல்கின்றன. 1904ஆம் ஆண்டு தொடக்கம் எட்வர்ட் தொம்சன் என்ற அமெரிக்கர் அடியைத் தூர்வாரி, கிடைத்தவற்றை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பீபொடி நூதனசாலைக்கு அனுப்பினார். ஒரு பகுதி பின்னர் மெக்சிக்கோவுக்குத் திரும்பி வந்தது. நகரத்தின் குடிதண்ணீருக்கு வேறொரு செனோட்டே இருந்தது. இதில் மட்டும் யாரும் தண்ணீர் அள்ளவில்லை.

"இங்கே குளிப்பதில்லை. இது கோயில்," என்றார் தம்பி. நாங்கள் தலையாட்டினோம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகளை நினைத்தபோது கையெடுத்துக் கும்பிடவும் முடியவில்லை, திரும்பி நடக்கவும் முடியவில்லை.

அவ்விடத்தில்தான் லண்டன் தோழி அந்தக் கேள்வியைக் கேட்டார்: "தம்பி, மாயா மக்கள் ஏன் அழிந்துபோனார்கள்?"

அவர் சிரித்தார். "நான் அழியவில்லையே சென்யோரா. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்."

நாங்களும் சிரித்தோம், வெட்கமாகவும் இருந்தது. நகரங்கள் கைவிடப்பட்டது உண்மை, மக்கள் போகவில்லை என்று அவர் விளக்கினார். மாயா மொழிக் குடும்பத்தில் இன்றும் ஏறத்தாழ 30 மொழிகள் உயிரோடு இருக்கின்றன. அவருடைய யுகட்டான் மாயா மொழியை மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். நாங்கள் இடிபாடுகளைப் பார்க்க வந்திருந்தோம். அந்த இடிபாடுகளைக் கட்டியவர்களின் பிள்ளையே எங்களுக்கு நிழலில் இடம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை அதுவரை கவனிக்கவில்லை.

பிறகு அவர் புத்தகங்களைப் பற்றிச் சொன்னார். 1562இல் மானி என்ற ஊரில் டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயா நூல்களைக் குவித்து எரித்தார். அந்நாட்களில் எழுதப்பட்டவற்றில் இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை நான்கு நூல்கள் மாத்திரமே. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் மூவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் மேசைகளில். நாங்கள் பரீட்சை எழுதிய அடுத்த வருடம், 1981இல், அது சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. தம்பிக்கு அதைச் சொன்னோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

கேட்டு முடித்தபின், ஆறுதலுக்கோ என்னவோ, ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். தத்தியானா புரொஸ்கூரியாகோவ், கட்டடக்கலை படித்தவர். இடிந்த மாயா நகரங்களை வரைந்து பதிவு செய்யும் வேலைக்கு வந்தவர், கல்வெட்டுகளிலிருந்த திகதிகளை வருடக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்தார். அவை வெறும் நட்சத்திரக் கணக்குகள் அல்ல, அரசர்களும் அரசிகளும் பிறந்த, பட்டமேற்ற நாட்கள் என்று 1960இல் எடுத்துக்காட்டினார். எரித்தவர் எரித்தார், எழுத்தை மறுபடி வாசிக்க ஒரு பெண்ணின் பொறுமையும் துணைநின்றது. இந்நாள் மாணவிகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தம்பிக்கும் ஒரு கவலை இருந்தது. அவருடைய அம்மம்மா மாயா மொழியில் கதைத்தால், மகள் ஸ்பானிய மொழியில் பதில் சொல்கிறாளாம். இதற்கு நாங்கள் என்ன சொல்வது? எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துப் பதினொரு பேரப்பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் இந்த உரையை வாசிப்பார்கள் என்று எண்ண ஒரு கை விரல்களே போதும்.

மத்தியானம் வாழையிலையில் சுற்றி வேகவைத்த இறைச்சி வந்தது. மரக்கறிக்காரருக்குச் சோள ரொட்டியும் கறுப்பு அவரையும். மிளகாயின் பூர்வீகம் மெக்சிக்கோ என்றும், போர்த்துக்கேயர்மூலம் அது எங்கள் பக்கம் வந்தது என்றும் படித்திருக்கிறோம். அன்று வைத்த மிளகாய்ச் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்தபோதுதான் அதை நம்பினோம்.

அதன்பிறகு இக் கில் என்ற செனோட்டே. இது குளிக்கிற செனோட்டே. தரையிலிருந்து 26 மீற்றர் கீழே தண்ணீர். குகைச் சுவரோரம் கற்படிகளில் இறங்கவேண்டும். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் குளித்து, வெயிலுக்குப் பூசிய கிறீம் முழுவதையும் கழுவ வேண்டும். உயிர்காப்பு அங்கியும் அணியவேண்டும். நிலத்தடித் தண்ணீர் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்தது, இங்கே அழுக்கானால் இன்னொரு ஊரின் கிணறும் அழுக்காகும் என்று தம்பி சொன்னார். கீழே போனால், மேலே வட்டமாக வானம். மரவேர்கள் கயிறுகள்போல இறங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. கரிய மீன்கள் காலடியில் நீந்தின.

எங்களில் ஒருவர் கடைசிப் படியில் எல்லோருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. 1993இல் ஓரிரவு, இரண்டு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு அவர் கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தார். சூட்டுச் சத்தம் கேட்டு எல்லோரும் குனிந்தபோது வள்ளம் ஒருபக்கம் சரிந்தது. அவர்கள் கரை சேர்ந்தார்கள். பின்னால் வந்த வள்ளத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் சேரவில்லை. அன்றிலிருந்து அவர் கடலிலோ குளத்திலோ கால் வைத்ததில்லை. கான்குன் கடற்கரையிலும் கதிரையில்தான் இருந்தார்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். அவர் பைகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அங்கியைப் போட்டுக்கொண்டு படியின் விளிம்புக்கு வந்து நின்றார். "கையைப் பிடியுங்கோடி," என்றார். ஐந்து பேரும் கரைக்கு வந்தோம். "பயப்பிடாதை, நாங்கள் நிக்கிறம்," என்று யாரோ சொன்னோம். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் இறங்கினார். முதலில் மூச்சுத் திணறினார், எங்கள் கைகளில் நகம் பதிந்தது. பிறகு மெல்ல மல்லாந்து மிதந்தார். வட்ட வானத்தைப் பார்த்தபடி அழுதார். நாங்கள் ஆறு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வளையமாக மிதந்தோம். மற்றப் பயணிகள் எங்களை விளையாடும் கிழவிகள் என்று நினைத்திருப்பார்கள்.

மேலே ஏறி வந்து தலையைத் துடைக்கும்போது அவர் ஒன்று மட்டும் சொன்னார்: "அந்தத் தண்ணி உப்பு. இது நல்ல தண்ணி." இதை இங்கே சொல்ல அவருடைய சம்மதம் உண்டு. அவர் அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

திரும்பும் வழியில் தம்பி ஹொமுன் என்ற ஊரின் கதையைச் சொன்னார. செனோட்டேகள் நிறைந்த அந்த மாயாக் கிராமத்துக்கு அருகே பெரியதொரு பன்றிப் பண்ணை வந்தது. கழிவு நிலத்தடி நீரில் சேரும் என்று பயந்த ஊரவர்கள் சிறுவர்களின் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிபதி பண்ணையின் இயக்கத்தை இடைநிறுத்தினார். சொல்லிவிட்டு, "உங்கள் ஊரிலும் இதே கல், இதே தண்ணீர் என்கிறீர்கள். உங்கள் கிணறு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

வெளிநாட்டிலிருந்த நாங்கள் நால்வரும் கொழும்புத் தோழியும் ஊர்க்காரியைப் பார்த்தோம். அவர் தயங்கித்தான் சொன்னார். தோட்டங்களுக்குப் போடும் உரமும், கிணற்றுக்குக் கிட்டக் கட்டிய மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று கூடிவிட்டது. துலாவால் அள்ளிய இடத்தில் மோட்டர் வந்தது. இறைப்பு மிஞ்சிய இடங்களில் உவர் ஏறிவிட்டது. தன் வீட்டுக் கிணற்றில் இப்போது குளிக்க மட்டும்தான், குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குவதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் மெய்வல்லுநர்ப் போட்டிப் பயிற்சி முடிந்து வந்து, அதே கிணற்றுத் தண்ணீரை வாளியோடு சரித்துக் குடித்தவர்கள். வானில் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. நாங்கள் விமானம் ஏறி வந்து, பிறர் தண்ணீருக்காகக் கிறீமைக் கழுவிவிட்டு இறங்கினோம். எங்கள் தண்ணீரை எட்டிப் பார்க்கவில்லை.

அன்பான பழைய மாணவிகளே, சொன்னபடி கல்லூரி வளவுக்கு வந்துவிட்டோம். மண்டபத்துக்குப் பின்னால், வேம்படியில், விடுதிக் கிணறு இன்னும் இருக்கிறது. எங்கள் வகுப்பின் நூற்றாண்டு அன்பளிப்பு அந்தக் கிணற்றுக்கே. வருடத்தில் இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், அதன் நீரைப் பரிசோதிக்கும் செலவை அடுத்த பத்து வருடங்களுக்கு நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். புவியியல், இரசாயனவியல் மாணவிகள் நீர்மட்டத்தையும் முடிவுகளையும் ஒரு கொப்பியில் தேதியிட்டு எழுதிவர அதிபர் அனுமதி தந்திருக்கிறார். மற்ற வகுப்பினரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. உங்கள் பெயரிலோ உங்கள் உறவினர் பெயரிலோ ஊரில் ஒரு கிணறு இருந்தால், அதையும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள். முடிவு நல்லதாக இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்.

விடைபெறும்போது தம்பி எங்களுக்கு இரண்டு சொற்கள் பழக்கினார். மாயா மொழியில் சுகம் விசாரிக்க 'பிஷ் அ பேல்' என்பார்கள். 'உன் வழி எப்படி?' என்பதே அதன் நேர்ப்பொருள். நலமென்றால் 'மாலோப்' என்று பதில் சொல்லவேண்டும். நாங்கள் அவருக்கு 'சுகமா இருக்கிறீங்களோ' என்று பழக்கினோம். இன்றும் வட்ஸ்அப்பில் அவர் மகளின் குரலில் அந்தக் கேள்வி தமிழில் வருகிறது. நாங்கள் எங்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு பதில் சொல்விக்கிறோம், தமிழிலேயே.

நூறு வயதைக் கண்ட எங்கள் கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.